22 கோடி விண்ணப்பங்கள் சொல்வது என்ன?

மத்திய அரசுப் பணிகளுக்கு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்ற கேள்விக்கு 2022 ஜூலை இறுதியில் மக்களவையில் எழுத்துமூலம் பதில் தரப்பட்டது. பணியாளர் நலத் துறையின் இணையமைச்சர் ஜிதேந்திர சிங் அளித்த அந்தப் பதிலின்படி, 2014-15 முதல் 2021-22 வரையிலான எட்டு நிதியாண்டுகளில் வந்த விண்ணப்பங்கள் 22.05 கோடி. தேர்வு அமைப்புகள் பணிக்குப் பரிந்துரைத்தவர்கள் 7.22 லட்சம் பேர். முந்நூறு விண்ணப்பங்களுக்கு ஒரு வேலை என்று வைத்துக்கொள்ளலாம். ஒருவரே பல தேர்வுகளுக்கு, பல ஆண்டுகள் விண்ணப்பித்திருப்பார் என்பது உண்மைதான். ஆனால் திரும்பத் திரும்ப விண்ணப்பித்துக்கொண்டே இருக்க வேண்டிய நிலையும் அந்தக் கணக்குக்குள்தான் அடங்கியிருக்கிறது.

இதே கதையைத் தனித்தனித் தேர்வுகளிலும் பார்க்கலாம். ரயில்வேயில் தொழில்நுட்பம் சாராத பிரிவுகளில் 35 ஆயிரத்துச் சொச்சம் இடங்களுக்கு 2019-ல் அறிவிப்பு வந்தபோது 1.25 கோடி பேர் விண்ணப்பித்தனர். தேர்வு முறை குறித்த அதிருப்தி 2022 ஜனவரியில் வெடித்து, பிகார் மாநிலம் கயையில் ரயில் பெட்டிகள் கொளுத்தப்படும் அளவுக்குப் போயிற்று. உத்தரப் பிரதேசத்தில் 60,244 காவலர் பணியிடங்களுக்கு 48 லட்சம் பேர் விண்ணப்பித்து எழுதிய தேர்வு, வினாத்தாள் கசிவால் 2024 பிப்ரவரியில் ரத்தானது.

இந்த எண்களைக் கண்டதும் அரசியல்வாதிகள் பலரும் ஒரே அறிவுரையை எடுத்து வைக்கிறார்கள். வேலை தேடி அலையாதீர்கள், வேலை தருபவர்களாக மாறுங்கள் என்பதே அது. கட்சி வேறுபாடின்றி அனைவருக்கும் பிடித்த வாசகம். இளைஞர்கள் நாற்காலிக்கு ஆசைப்படுகிறார்கள், துணிந்து சொந்தத் தொழிலில் இறங்கத் தயங்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டும் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

2018-ல் இந்த விவாதம் பகோடாவைச் சுற்றி நடந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில் பிரதமர் நரேந்திர மோடி, பகோடா விற்று நாளொன்றுக்கு 200 ரூபாய் வீட்டுக்குக் கொண்டு போகிறவரை வேலை உள்ளவராகக் கருதலாமா, கூடாதா என்று கேட்டார். அந்த வாதப்படி பிச்சை எடுப்பதும் வேலையாகிவிடுமே என்று முன்னாள் நிதியமைச்சர் ப. சிதம்பரம் பதிலடி கொடுத்தார். பிப்ரவரி 5-ஆம் தேதி மாநிலங்களவையில் தமது கன்னிப்பேச்சை நிகழ்த்திய அன்றைய பாரதிய ஜனதா தலைவர் அமித் ஷா, வேலையற்றிருப்பதைவிட பகோடா விற்பது மேல் என்றும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றும் கூறினார். அவையில் சிரிப்பு, கூச்சல், வெளியே பட்டதாரி அங்கி அணிந்து பகோடா விற்கும் போராட்டங்கள் என்று சில வாரங்கள் கழிந்தன.

பகோடா விற்பது கௌரவமா என்று இரு தரப்பும் மல்லுக்கட்டியதில், அடுப்பை எங்கே வைப்பது, அந்த இடத்தில் நாளையும் வைக்க முடியுமா, மாநகராட்சி வண்டி வந்தால் யாரிடம் முறையிடுவது, மொத்தமாக வாங்கிச் சென்ற அலுவலகம் பணத்தை எப்போது தரும் என்ற கேள்விகள் எழவே இல்லை. தொழிலைத் தேர்ந்தெடுக்க நினைக்கும் இளைஞனும் இளம்பெண்ணும் முதலில் கேட்பது இவற்றைத்தான். இவற்றுக்குக் கிடைக்கும் விடைகளைப் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் தேர்வு விண்ணப்பத்தை நிரப்புகிறார்கள். அந்த 22 கோடி விண்ணப்பங்களைச் சோம்பலின் அடையாளமாகப் பார்ப்பது தவறு. நாட்டில் தொழில் செய்வதற்கான சூழல் எப்படி இருக்கிறது என்பதைப் பற்றி எளிய குடும்பங்கள் தந்திருக்கும் மதிப்பீடு அது. அரசின் அறிக்கைகளைவிட அந்த மதிப்பீடு துல்லியமாக இருக்கவும் கூடும்.

சொந்தத் தொழிலில் இறங்க மறுக்கும் நாடு அல்ல இந்தியா. மத்திய அரசின் தொழிலாளர் ஆய்வின்படி 2017-18-ல் வேலை செய்வோரில் 52.2 சதவீதம் பேர் சுயதொழில் செய்தனர். 2023-24-ல் அது 58.4 சதவீதமாக உயர்ந்தது. மாதச் சம்பளம் பெறுவோரின் பங்கோ 22.8 சதவீதத்திலிருந்து 21.7 சதவீதமாகக் குறைந்தது. சுயதொழில் பெருகுகிறது என்று ஆளுங்கட்சி மகிழலாம். ஆனால் அந்த 58.4 சதவீதத்துக்குள் ஏறத்தாழ 19 சதவீதம் குடும்பக் கடையிலோ வயலிலோ ஊதியமின்றி உதவி செய்பவர்கள். வேறு வழியில்லாமல் அப்பாவின் கடையில் உட்கார்ந்திருக்கும் பட்டதாரியும், கணவரின் தறியில் நூல் சுற்றும் மனைவியும் கணக்கேட்டில் சுயதொழில் புரிவோரே.

வேளாண்மை சாராத, நிறுவனமாகப் பதிவு பெறாத குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் 6.34 கோடி என்று 2015-16-ல் நடந்த தேசிய மாதிரி ஆய்வு கண்டறிந்தது. இவற்றில் சுமார் 84 சதவீதத் தொழில்களில் கூலிக்கு ஓர் ஆள்கூட இல்லை. முதலாளி, தொழிலாளி, கணக்கர், காவலாளி எல்லாம் ஒருவரே. 2016 ஜனவரியில் தொடங்கிய 'ஸ்டார்ட்-அப் இந்தியா' திட்டத்தில் 2025 தொடக்கம் வரை அங்கீகாரம் பெற்றவை ஒன்றரை லட்சத்தைச் சற்றுத் தாண்டின. மேடைப் பேச்சில் பின்னது கோலோச்சுகிறது. வேலை தருபவராக மாறுங்கள் என்ற அறைகூவலை முதலில் கேட்க வேண்டியவர்கள் இந்த ஆறு கோடிப் பேர். இவர்களில் பெரும்பாலோரால் ஏன் ஒருவருக்குக்கூட வேலை தர முடியவில்லை என்பதுதான் ஆராய வேண்டிய விஷயம்.

எந்தத் தொழிலையும் செய்யும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(ஜி) பிரிவு ஒவ்வொரு குடிமகனுக்கும் தருகிறது. இதன் பொருளை உச்ச நீதிமன்றம் முதலில் விளக்க நேர்ந்தது ஒரு பீடி வழக்கில். மத்தியப் பிரதேசத்தின் சாகர் மாவட்டத்தில் விவசாய வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதற்காக, 1948-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைக் கொண்டு, குறிப்பிட்ட கிராமங்களில் வசிக்கும் எவரும் சாகுபடிக் காலத்தில் பீடி சுற்றக் கூடாது என்று மாவட்ட அதிகாரி 1950-ல் உத்தரவிட்டார். குடியரசு பிறந்து ஓராண்டுகூட ஆகாத நேரம். வயல் வேலைக்குப் போக இயலாத முதியவர்கள், உடல் நலிந்தோர், பெண்கள், சிறுவர்கள் ஆகியோரையும் இத்தடை பட்டினி போடும் என்பதைச் சுட்டிக்காட்டிய ஐந்து நீதிபதிகள் அமர்வு, இது நியாயமான கட்டுப்பாடு அல்ல என்று கூறி 1950 நவம்பரில் ரத்து செய்தது. சிந்தாமன் ராவ் வழக்கு என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

பீடி சுற்றாதே என்று அரசு தடுத்தால் நீதிமன்றம் குறுக்கே நிற்கும். சுற்றிய பீடிக்குக் காசு வராவிட்டால், சுற்றுவதற்குத் திண்ணை இல்லாவிட்டால் அந்தப் பிரிவு எதுவும் செய்யாது. அதைச் சட்டமியற்றும் அவைகள்தான் செய்ய வேண்டும். நாடாளுமன்றம் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. இடத்துக்கு ஒரு சட்டம், பணத்துக்கு ஒரு சட்டம் என இரண்டு நல்ல சட்டங்களை இயற்றியது. அவற்றின் கதி என்ன என்பதில்தான் சூழலின் உண்மை முகம் தெரிகிறது.

முதலில் இடம். நடைபாதையில் வியாபாரம் செய்வதும் 19(1)(ஜி) பிரிவின்கீழ் வரும் உரிமையே என்றும், அது நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்றும் தில்லி வியாபாரிகள் தொடுத்த சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல்சாசன அமர்வு 1989-ல் தீர்ப்பளித்தது. ஒழுங்குபடுத்தும் சட்டம் வருவதற்குக் கால் நூற்றாண்டு ஆயிற்று. 2012 செப்டம்பரில் மக்களவையில் அறிமுகமான தெரு வியாபாரிகள் மசோதா, ஓராண்டு கழித்து அங்கே நிறைவேறி, 2014 பிப்ரவரியில் மாநிலங்களவையின் ஒப்புதல் பெற்றது. ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசின் கடைசி நாள்கள் அவை. தெலங்கானா அமளியில் அச்சட்டத்தைக் கவனித்தவர்கள் சிலரே.

படிப்பதற்கு அருமையான சட்டம். ஒவ்வோர் ஊரிலும் வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுத்துச் சான்றிதழ் தரும்வரை எவரையும் அகற்றக் கூடாது. மக்கள்தொகையில் 2.5 சதவீதம் என்ற அளவுவரை வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும். இடம் மாற்ற வேண்டுமானால் 30 நாள் முன்னறிவிப்பு தேவை. நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்தினர் வியாபாரிகள் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். சான்றிதழின்படி விற்பவரைக் காவல்துறை உள்ளிட்ட எவரும் தடுக்கலாகாது என்று 27-ஆவது பிரிவு கூறுகிறது.

ஆனால் அந்தக் குழுவுக்குத் தலைவர் யார்? மாநகராட்சி ஆணையர். வியாபாரியை அகற்றும் வண்டியை அனுப்பும் அதே அலுவலகம். கணக்கெடுப்பை எப்போது முடிப்பது, குழுத் தேர்தலை எப்போது நடத்துவது என்பதும் உள்ளாட்சியின் கையில். சட்டம் வந்து பத்தாண்டுகள் கழிந்த பிறகும் பல நகரங்களில் கணக்கெடுப்பு அரைகுறையாகவும், விற்பனைப் பகுதிகள் வரையறுக்கப்படாமலும் இருப்பதில் வியப்பில்லை.

சட்டம் இருந்தும் சூழல் மாறாததற்கு 2024 ஜூலை 1-ஆம் தேதி தலைநகரிலேயே ஒரு காட்சி அரங்கேறியது. பாரதிய நியாய சம்ஹிதை என்ற புதிய குற்றவியல் சட்டம் நடைமுறைக்கு வந்த முதல் நாள் அது. புது தில்லி ரயில் நிலையத்துக்கு அருகே நடைமேம்பாலத்தின் அடியில் தண்ணீர், பீடி, சிகரெட் விற்றுக்கொண்டிருந்த ஒருவர் மீது, பொதுவழியில் இடையூறு செய்ததாக 285-ஆவது பிரிவின்கீழ் வழக்குப் பதிவாயிற்று. புதிய சட்டத்தின் தில்லிக் கணக்கு அவரிடமிருந்து தொடங்கியது. ஆய்வுக்குப் பின் அந்த வழக்கு கைவிடப்பட்டதாக உள்துறை அமைச்சர் அமித் ஷாவே அன்று விளக்கம் தர நேர்ந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு மாநிலங்களவையில் தெரு வியாபாரத்தின் கௌரவத்தைப் பேசியவரும் அவரே. அந்த வியாபாரியின் பெயர் ஊடகங்களில் வராமல் போயிருந்தால் வழக்கு கைவிடப்பட்டிருக்குமா என்று கேட்பது அநாகரிகமாகாது.

இடம் தரத் தயங்கும் அரசு, கடன் தருவதில் தயங்குவதில்லை. பொதுமுடக்கக் காலமான 2020 ஜூனில் தொடங்கிய தெரு வியாபாரிகளுக்கான 'ஸ்வநிதி' திட்டத்தில் 2025 ஜூலை இறுதிவரை 68 லட்சம் பேர் கடன் பெற்றுள்ளனர். திட்டம் 2030 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டு, முதல் தவணைக் கடன் 10 ஆயிரம் ரூபாயிலிருந்து 15 ஆயிரமாகவும் உயர்த்தப்பட்டது. திருப்பிச் செலுத்துவதில் தெரு வியாபாரிகள் நாணயமானவர்கள் என்று அமைச்சர்களே பாராட்டுகிறார்கள். கணக்கெடுப்பில் விடுபட்டவர்களும் உள்ளாட்சியின் பரிந்துரைக் கடிதம் பெற்று இக்கடனை வாங்கலாம். கடன் தர அடையாளம் காண முடிந்த மனிதரை, இடம் தரும்போது மட்டும் அடையாளம் தெரியாமல் போய்விடுகிறது.

முத்ரா திட்டத்தின் கணக்கும் இத்தகையதே. 2015 ஏப்ரலில் தொடங்கிப் பத்தாண்டுகளில் 52 கோடிக் கடன்கள், 32 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல் என்று அரசு பெருமிதத்துடன் கூறுகிறது. வகுத்துப் பார்த்தால் ஒரு கடன் சராசரியாக 62 ஆயிரம் ரூபாய். நாட்டில் வேலை செய்வோரின் மொத்த எண்ணிக்கைக்கு நெருக்கமாக வரும் 52 கோடி என்பது 52 கோடித் தொழில்களைக் குறிக்க முடியாது. அடைத்த கடனுக்குப் பின் மீண்டும் வாங்கிய கடன், ஓடுகிற கடைக்கு வாங்கிய சரக்குக் கடன் எல்லாம் அதில் சேரும். அவையும் பயனுள்ளவையே. கந்துவட்டியிலிருந்து சிலரையாவது காப்பாற்றியிருக்கும். ஆனால் கடன் எண்ணிக்கையைத் தொழில் எண்ணிக்கையாகக் காட்டும் வழக்கத்தால், தொழில்கள் ஏன் வளராமல் நிற்கின்றன என்ற கேள்வி அமுங்கிப்போகிறது.

சிறு தொழில்கள் நொடிப்பதற்கு முதல் கடன் கிடைக்காதது மட்டும் காரணம் அல்ல. விற்ற பொருளுக்குப் பணம் வராததே பலரை வீழ்த்துகிறது. இதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். பெரிய நிறுவனம் ஒன்றுக்கு உதிரி பாகம் செய்து தரும் பட்டறை, 10 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு அனுப்புகிறது. மூலப்பொருள், கூலி, மின்சாரம், வாடகை எல்லாம் சேர்த்து அதற்கு ஆன செலவு 9 லட்சம். லாபம் ஒரு லட்சம். 45 நாளில் வர வேண்டிய பணம் மேலும் ஐந்து மாதம் தாமதமாகிறது. செலவான 9 லட்சத்தை நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வெளியில் புரட்டினால் ஐந்து மாத வட்டி மட்டும் 90 ஆயிரம் ரூபாய். லாபத்தில் மிஞ்சுவது பத்தாயிரம். பொருளில் குறையில்லை, உழைப்பில் குறையில்லை, ஆர்டருக்கும் பஞ்சமில்லை. இருந்தும் பட்டறை நஷ்டத்தின் விளிம்பில் நிற்கிறது.

இதற்கிடையே வரித்துறை காத்திருக்காது. விலைப்பட்டியல் போட்டவுடன் சரக்கு மற்றும் சேவை வரிக் கடப்பாடு பிறந்துவிடும். உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொண்டு மீதியை, வாங்கியவர் பணம் தந்தாலும் தராவிட்டாலும், அடுத்த மாதம் கட்டியாக வேண்டும். தாமதித்தால் 18 சதவீத வட்டி. வாங்கிய நிறுவனமோ தான் இன்னும் செலுத்தாத அந்த வரிக்குக் கழிவு எடுத்துக்கொள்ளலாம். 180 நாள்களுக்குள் விற்றவருக்குப் பணம் தராவிட்டால்தான் அந்தக் கழிவைத் திருப்ப வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. சட்டம். சிறு தொழில் சட்டம் 45 நாள் என்கிறது. இரண்டும் ஒரே நாடாளுமன்றம் இயற்றியவை. பெரிய நிறுவனத்தின் கணக்குப் பிரிவு இவற்றில் எதை நினைவில் வைத்துக்கொள்ளும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த 45 நாள் விதி புதியதும் அல்ல. தாமதப் பணத்துக்கு வட்டி தரும் தனிச் சட்டம் 1993-லேயே வந்தது. அதற்குப் பதிலாக 2006-ல் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, அந்த ஆண்டு அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்தது. எழுத்துபூர்வ ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில், இருந்தாலும் 45 நாளுக்கு மிகாமல், பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டு வட்டி. மாநிலந்தோறும் வசதிக் குழுக்கள் 90 நாளில் வழக்கை முடிக்க வேண்டும். குழுவின் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் செல்லும் வாங்குபவர், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முன்னதாகச் செலுத்த வேண்டும். 2017-ல் இணையவழிப் புகாருக்கு 'சமாதான்' என்ற தளமும் வந்தது.

இவ்வளவு கடுமையான சட்டம் இருந்தும் தாமதம் ஏன் தொடர்கிறது? புகார் செய்ய வேண்டியவர் சிறு தொழில்முனைவோர் என்பதே விடை. அவருக்கு இருப்பது ஒன்றோ இரண்டோ வாடிக்கையாளர் நிறுவனங்கள். புகார் போட்ட மறுநாள் அடுத்த ஆர்டர் நின்றுபோகும் என்பது அவருக்குத் தெரியும். வட்டியோடு பழைய பணத்தைப் பெற்று, வருங்கால வியாபாரத்தை இழக்க எவரும் விரும்பமாட்டார். ஆகவே பெரும்பாலும் உறவு முறிந்த பிறகே, தொழில் ஏறக்குறைய மூடப்பட்ட பிறகே, புகார் வருகிறது. 90 நாள் என்ற கெடுவும் சமரசம், நடுவர் விசாரணை, மேல்முறையீடு என்று நீண்டுவிடுகிறது. கடன்பட்டவர் வலியவராகவும் கடன் கொடுத்தவர் எளியவராகவும் இருக்கும் விசித்திரம் இது. பணம் நிலுவை வைத்திருப்பவர்களில் பொதுத்துறை நிறுவனங்களும் மாநில அரசுத் துறைகளும் இடம்பெற்றிருப்பது இன்னும் வெட்கக்கேடு.

மோடி அரசு இதில் ஒரு துணிச்சலான அடியை எடுத்து வைத்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 2023 நிதிச் சட்டம், வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற உட்பிரிவைச் சேர்த்தது. குறு, சிறு தொழில்களுக்கு உரிய நாளுக்குள் பணம் தராத நிறுவனம், அந்தத் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்டி வரி குறைத்துக்கொள்ள முடியாது. பணத்தை உண்மையில் தரும் ஆண்டில்தான் கழிவு. இதில் புகார் தேவையில்லை, வரிக் கணக்கே காவலாளி. எதிர்ப்பும் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 2024 தொடக்கத்தில் சூரத் ஜவுளிச் சந்தையின் வியாபாரிகளே இதைத் தள்ளிவைக்கக் கோரினார்கள். சங்கிலித் தொடராக மாதக்கணக்கில் கடனில் ஓடும் தொழிலில் ஒரு கண்ணியை மட்டும் இறுக்கினால் வாங்குபவர்கள் பதிவு பெறாதவர்களிடமோ நடுத்தர நிறுவனங்களிடமோ போய்விடுவார்கள் என்ற அச்சம் அது. வெறும் வியாபாரம் மட்டும் செய்வோருக்கு இந்தப் பாதுகாப்பே கிடையாது என்பது பலருக்கு அப்போதுதான் தெரியவந்தது. 2021 முதல் அவர்கள் 'உத்யம்' பதிவு பெறலாம், ஆனால் வங்கியின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும்.

இடமும் பணமும் போக, சூழலில் மூன்றாவதாக ஒன்று உண்டு. விதிகள் எப்போது மாறும் என்ற அச்சம். 2016 நவம்பரில் நள்ளிரவு முதல் செல்லாது என அறிவிக்கப்பட்ட ரூபாய் நோட்டுகள், 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி., 2020 மார்ச்சில் நான்கு மணி நேர அவகாசத்தில் பொதுமுடக்கம் என்று நான்கு ஆண்டுகளுக்குள் மூன்று அதிர்ச்சிகள். இவற்றில் எது தேவை, எது தேவையற்றது என்பது வேறு விவாதம். பெரிய நிறுவனத்துக்கு வழக்குரைஞரும் கணக்காயரும் கையிருப்பும் உண்டு. ஒற்றை ஆள் தொழிலுக்கு அன்றைய கல்லாப்பெட்டிதான் கையிருப்பு.

அதிர்ச்சியின்றி, சத்தமின்றி மாறும் விதிகளும் உண்டு. சிறு தொழில்களுக்கு மட்டும் என்று 1967-ல் 47 பொருள்களுடன் தொடங்கிய ஒதுக்கீட்டுப் பட்டியல், எண்பதுகளில் எண்ணூறைத் தாண்டிப் பின்னர் படிப்படியாகக் கரைந்தது. எஞ்சிய 20 பொருள்கள் 2015 ஏப்ரலில் நீக்கப்பட்டன. ஊறுகாய், ரொட்டி, மெழுகுவர்த்தி, ஊதுவத்தி ஆகியவற்றோடு தீப்பெட்டியும் பட்டாசும் அந்தக் கடைசிப் பட்டியலில் இருந்தன. ஒதுக்கீடு தொழிலை வளரவிடாமல் குள்ளமாக வைத்திருந்தது என்ற பொருளாதார வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் சிவகாசியிலும் கோவில்பட்டியிலும் அந்தத் தொழிலை நம்பி வாழ்க்கையை அமைத்துக்கொண்டவர்களுக்குப் பாதுகாப்பு விலகியது ஓர் அறிவிக்கையின் வழியே. மலிவு விலை லைட்டர்கள் சந்தையில் குவிந்தபின், தீப்பெட்டி உற்பத்தியாளர்கள் தில்லிக்குப் பலமுறை நடந்த பிறகே 20 ரூபாய்க்குக் குறைந்த விலையுள்ள லைட்டர் இறக்குமதிக்கு 2023 ஜூனில் தடை வந்தது. அமைச்சரைச் சந்திக்கச் சங்கமும் எம்.பி.யும் உள்ள தொழில் என்பதால் அதுவாவது நடந்தது.

இந்தச் சூழலைப் படிக்க யார் கற்றுக்கொடுக்கிறார்கள்? மத்தியப் பாடத்திட்டத்தின் பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியல் நூலில் 'வணிகச் சூழல்' என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. பொருளாதாரம், சமூகம், தொழில்நுட்பம், அரசியல், சட்டம் என ஐந்து கூறுகளை அது விளக்குகிறது. பணமதிப்பு நீக்கத்தைப் பற்றியும் பேசுகிறது. வணிகவியல் எடுத்தவர்கள் மட்டும் மதிப்பெண்ணுக்காகப் படிக்கும் பாடம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து வெல்டிங் பட்டறை வைக்கப் போகிறவருக்கும், பொறியியல் முடித்துவிட்டு உதிரி பாகம் செய்ய நினைப்பவருக்கும் 45 நாள் விதி என்று ஒன்று இருப்பதை யாரும் சொல்வதில்லை.

கல்லாப்பெட்டிக்குப் பின்னால் வளர்ந்த பிள்ளைக்கு இது தேவையில்லை. எந்த நிறுவனத்துக்குக் கடனுக்குச் சரக்கு தரலாம், எந்த அதிகாரியை எப்படி அணுக வேண்டும், எந்த மாதம் வியாபாரம் படுக்கும் என்பதெல்லாம் சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே அதன் காதில் விழுந்துவிடும். தலைமுறையில் முதன்முறையாகக் கூலி வேலையை விட்டுத் தொழிலுக்கு வரும் குடும்பத்துக்கு அந்த அறிவு எங்கிருந்து வரும்? பொதுத்துறைக் கொள்முதலில் 4 சதவீதம் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினரின் குறு, சிறு தொழில்களிலிருந்து வர வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டுக் கொள்கை வகுத்தது. அந்த இலக்கு ஆண்டுக்கு ஆண்டு எட்டப்படாமலே நின்றதற்கு, மனமின்மையோடு இந்த அறிவு இடைவெளியும் காரணம். அரசுப் பணித் தேர்வுக்கு மட்டும் பாடத்திட்டம் உண்டு, பழைய வினாத்தாள் உண்டு, முடிவு வரும் நாளும் ஏதோ ஒரு நாள் உண்டு. எதுவும் தெரியாத களத்தைவிட, முந்நூறில் ஒன்று என்று தெரிந்த களம் மேல் என்று அந்தக் குடும்பம் முடிவெடுத்தால் அதைப் பேதைமை என்று எப்படிச் சொல்வது?

புதிய திட்டம் எதுவும் இதற்குத் தேவையில்லை. தெரு வியாபாரிகள் சட்டம் சொல்லும் கணக்கெடுப்பையும் குழுத் தேர்தலையும் முடித்த நகரங்களுக்கு மட்டுமே நகர்ப்புற வளர்ச்சி நிதியின் ஒரு பகுதி என்று மத்திய அரசு நிபந்தனை விதிக்கலாம். மற்ற எத்தனையோ நிபந்தனைகளை மாநிலங்கள் மீது சுமத்தத் தெரிந்த அரசுக்கு இது பெரிய வேலை அல்ல. மத்திய, மாநில அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் நிலுவையை முதலில் தீர்க்கலாம். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 180 நாளை, குறு, சிறு தொழில்களிடம் வாங்கிய சரக்குக்கு மட்டுமாவது, 45 நாளாக்கலாம். மாநில நிதியமைச்சர்கள் அமர்ந்திருக்கும் ஜி.எஸ்.டி. கவுன்சிலில் தமிழகம் உள்ளிட்ட தொழில் மாநிலங்கள் இதை எழுப்ப எந்தத் தடையும் இல்லை.

யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற தகவல் அரசிடம் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது. 2019 ஜனவரியில் கம்பெனி விவகார அமைச்சகம் பிறப்பித்த ஆணைப்படி, குறு, சிறு தொழில்களுக்கு 45 நாளுக்கு மேல் பணம் பாக்கி வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு இருமுறை 'எம்.எஸ்.எம்.இ.-1' என்ற படிவத்தை நிரப்பித் தர வேண்டும். சப்ளை செய்தவர் பெயர், பாக்கித் தொகை எல்லாம் அதில் இருக்கும். பாதிக்கப்பட்டவர் வாய் திறக்காமலே, ஆர்டரை இழக்கும் அபாயம் இல்லாமலே, அரசு தானாக நடவடிக்கை எடுக்க இதைவிட வேறு ஆதாரம் வேண்டியதில்லை. எந்தெந்தப் பெரிய நிறுவனங்கள் தொடர்ந்து பாக்கி வைக்கின்றன என்ற பட்டியலை ஆண்டுதோறும் இரு அவைகளிலும் வைக்கச் செய்யலாம். தொழில் துறைக்கான நிலைக்குழு அதைக் கேட்டு வாங்கிப் பரிசீலிக்கலாம்.

அந்தப் படிவத்தில் தாமதத்துக்கான காரணத்தை எழுதவும் ஒரு கட்டம் இருக்கிறது. நிறுவனங்கள் அதில் என்ன எழுதுகின்றன என்று அடுத்த கூட்டத்தொடரில் ஓர் உறுப்பினர் கேட்கட்டும். நட்சத்திரக் குறியிட்ட வினாவாக இருந்தால் துணைக் கேள்விக்கும் அமைச்சர் நேரில் எழுந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும்.